பாரம் எங்கே இறங்குகிறது?

கல்லூரித் தமிழாசிரியர்களுக்கு ஒரு தனித்த இடர்ப்பாடு உண்டு. நம் வகுப்பறையில் அமர்ந்திருப்போருள் மிகப் பெரும்பாலோர் தமிழ் இலக்கியத்தைத் தம் துறையாகத் தேர்ந்தவர் அல்லர். வணிகவியல், வேதியியல், கணினி அறிவியல் எனப் பல துறைகளிலிருந்து ‘பகுதி ஒன்று’ தமிழுக்காக வந்து அமர்பவர்கள். உரிய பருவங்கள் முடிந்ததும் எழுந்து போய்விடுபவர்கள். அவர்கள் முன் நிற்கும் நமக்கு நெடுநாள் இரண்டு வழிகளே தெரிந்திருந்தன. யாப்பையும் அணியையும் முறைப்படி சொல்லி அவர்களை மிரட்டலாம். அல்லது கவிஞரின் வாழ்க்கைக் கதையைச் சொல்லி மகிழ்வித்து அனுப்பிவிடலாம். முதல் வழியில் மாணவர்கள் நம்மை விட்டு விலகினார்கள். இரண்டாம் வழியில் பாடமே நம்மை விட்டு விலகியது.

இதற்கு விடை தேடிக்கொண்டிருந்த காலத்தில், சற்றும் எதிர்பாராத ஒரு துறையின் வரலாறு நம் கைக்கு வந்து சேர்ந்தது. அது கட்டமைப்புப் பொறியியல். ஒரு கட்டடமோ பாலமோ தன் எடையையும், தன்மேல் ஏறும் பாரத்தையும், வீசும் காற்றையும் தாங்கி, அவற்றையெல்லாம் எவ்வழியாகத் தரையில் கொண்டு சேர்க்கிறது என்று ஆராயும் துறை அது. நுண்கணிதத்தைத் தன் தாய்மொழியாகக் கொண்டது. அத்தகைய துறையைக் கணிதம் அறியாதவர்க்குக் கற்பிக்க முடியுமா? முடியும் என்று சிலர் முயன்றிருக்கிறார்கள். அவ்வாறு முயன்றபோதெல்லாம் கேட்டவர்களோடு துறையும் பயனடைந்திருக்கிறது. அந்த இரண்டாவது செய்தியே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

*

இத்துறையின் முதல் நூலே வெளியாள் ஒருவருக்குச் சொல்லும் விளக்கமாக அமைந்தது என்பது வியப்புக்குரியது. வீட்டுக்காவலில் இருந்த முதிய கலிலியோவின் ‘இரண்டு புதிய அறிவியல்கள்’ 1638ஆம் ஆண்டு ஹாலந்தின் லைடன் நகரில் அச்சாயிற்று. பொருள்களின் வலிமையைப் பற்றிய அதன் பகுதிகள், கற்றோர் மொழியான லத்தீனில் அல்லாமல் இத்தாலிய மொழியில், மூவர் உரையாடலாக எழுதப்பட்டன. சால்வியாட்டி அறிஞர், சிம்பிளிச்சியோ பழைய மரபைப் பற்றி நிற்பவர், சக்ரெடோ துறையறிஞர் அல்லர், ஆயினும் கூர்மையான அறிவுடையவர். வெனிஸ் நகரத்துக் கப்பல் கட்டும் துறையில் தொழிலாளர்களோடு பேசிப் பேசித் தெளிந்தவர் அவர்.

சிறிய படகு உறுதியாக நிற்கிறதென்றால் அதே வடிவில் பெரிய கப்பலைச் செய்தால் அதுவும் அவ்வாறே நிற்க வேண்டாமா என்ற ஐயத்தில் உரையாடல் தொடங்குகிறது. இல்லை என்கிறார் கலிலியோ. நீள அகல உயரங்களை இரட்டித்தால் எடை எட்டு மடங்காகிறது. அந்த எடையைத் தாங்கும் குறுக்குவெட்டோ நான்கு மடங்கே ஆகிறது. பேருருவம் தன் எடையாலேயே தளர்கிறது. அதனால்தான் பெரிய விலங்கின் எலும்பு சிறிய விலங்கின் எலும்பைப் பெரிதாக்கிய படமாக இருப்பதில்லை. நீளத்தை மிஞ்சிப் பருத்துவிடுகிறது. பெருக்கல் தெரிந்த எவரும் பின்தொடரக்கூடிய வாதம் இது.

அதே நூலில் சுவரிலிருந்து நீட்டிய மரத்தின் முனையில் எடையைத் தொங்கவிட்ட புகழ்பெற்ற படமும் உண்டு. அந்த மரம் எவ்வளவு தாங்கும் என்று கலிலியோ கண்ட விடை தவறானது. உண்மை வலிமையைப் போல் மூன்று மடங்கு காட்டியது. வளையும் மரத்தின் மேற்பகுதி இழுபட, கீழ்ப்பகுதி அமுங்குகிறது என்பதை அவர் கருதவில்லை. தெளிவாகச் சொல்லப்பட்டதாலேயே ஒன்று சரியாகிவிடாது என்ற எச்சரிக்கையும் இத்துறையின் தொட்டிலிலேயே கிடக்கிறது. இதைப் பின்னர் நினைவுகூர வேண்டியிருக்கும்.

*

அடுத்த காட்சி, இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்து, பிரிட்டனில். 1879 டிசம்பர் 28 இரவு, ஸ்காட்லாந்தின் டே ஆற்று முகத்துவாரத்தைக் கடந்த ரயில் பாலத்தின் உயர்ந்த நடுப்பகுதி புயற்காற்றில் சரிந்தது. அப்போது அதன்மேல் சென்றுகொண்டிருந்த ரயில் ஆற்றில் விழுந்தது. உயிர் தப்பியவர் ஒருவரும் இலர். வடிவமைப்பும் கட்டுமானமும் பராமரிப்பும் மூன்றுமே பழுது என்று விசாரணை கண்டது. பாலத்தை அமைத்த தாமஸ் பௌச் அடுத்த ஆண்டே மறைந்தார். சற்றுத் தெற்கே ஃபோர்த் முகத்துவாரத்துக்கு அவரே வரைந்திருந்த தொங்கு பாலத் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த இடத்தில் புதிய பாலம் எழுப்பும் பொறுப்பு ஜான் ஃபௌலரிடமும் பெஞ்சமின் பேக்கரிடமும் வந்தது. அவர்கள் தேர்ந்த வடிவம் கான்டிலீவர். நம் வீட்டுச் சன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு போல், ஒரு முனையில் மட்டும் பிடிமானம் பெற்று மறுமுனை வெளியே நீளும் அமைப்பு. ஆனால் இங்கே நீளவேண்டிய தொலைவோ மலைக்கத்தக்கது: தூணுக்கும் தூணுக்கும் இடையே 1710 அடி, ஏறத்தாழ 521 மீட்டர். பாலத்தில் ஏறப்போகும் மக்கள் டே ஆற்றை மறந்திருக்கவில்லை. கணக்கைக் காட்டி அவர்களை நம்பவைக்க இயலாது. விழுந்த பாலத்துக்கும் ஏதோ ஒரு கணக்கு இருந்திருக்கும் அன்றோ?

1887ஆம் ஆண்டு லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேக்கர் பொதுமக்கள் முன் உரையாற்றினார். அப்போது அவர் விளக்கத்துக்குப் பயன்படுத்திய ஏற்பாடு புகைப்படமாக இன்றும் பாடநூல்களில் உலவுகிறது. இரண்டு நாற்காலிகளில் இருவர் அமர்ந்து கைகளை இருபுறமும் நீட்டியிருக்கின்றனர். ஒவ்வொரு கையும் ஒரு கழியின் மேல்முனையைப் பற்றியிருக்கிறது. கழியின் கீழ்முனை நாற்காலியில் ஊன்றியிருக்கிறது. வெளிப்பக்கக் கைகளிலிருந்து இறங்கும் கயிறுகள் செங்கல் அடுக்குகளோடு கட்டப்பட்டிருக்கின்றன. உட்பக்கக் கைகளுக்கிடையே தொங்கும் சிறு பலகையில் மூன்றாமவர் அமர்ந்திருக்கிறார். அவர் கைச்சி வாதனாபே; ஸ்காட்லாந்தில் பயின்று, அந்தப் பாலப் பணியில் ஈடுபட்டிருந்த ஜப்பானியப் பொறியாளர்.

நடுவில் இருப்பவரின் பாரம் எங்கே இறங்குகிறது? பக்கத்தில் இருப்பவரின் கை இழுபடுகிறது; அது இழுவிசை. கழி அமுங்குகிறது, அது அமுக்குவிசை. பாரம் கழி வழியாகவும் உடல் வழியாகவும் நாற்காலிக்குப் போய்த் தரையில் இறங்குகிறது. வெளிப்பக்கக் கயிறும் செங்கல்லும் எதிர்நிறையாக நின்று, அமர்ந்திருப்பவர் உட்புறம் சாயாமல் காக்கின்றன. நாற்காலி பாலத்தின் தூண். நீட்டிய கை மேலுள்ள இரும்புப் பட்டை. கழி கீழிருந்து சரிந்தெழும் பெருங்குழாய். படத்தைப் பார்க்கிறவர் தம் தோளிலேயே அந்த இழுப்பை உணர்கிறார். பார்ப்பவர்க்கு முன்பே தெரிந்திருந்த ஒன்றை அவருக்கே பேக்கர் நினைவூட்டினார். குடத்தை இடுப்பில் சுமந்தவர் எவரும் இழுவிசையையும் அமுக்குவிசையையும் பெயர் அறியாமலேயே அறிந்தவர்தாம்.

பாலம் 1890 மார்ச் 4 அன்று திறக்கப்பட்டது. இன்றும் ரயில்கள் அதன்மேல் ஓடுகின்றன. பேக்கரின் விளக்கம் பொறியியலைச் சற்றும் நீர்த்துப்போகச் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் படத்தில் உள்ளது உவமை மட்டுமன்று. எந்த உறுப்பு இழுபடுகிறது, எது அமுங்குகிறது என்ற அளவில் அது பாலத்தின் உண்மையான கணக்கேதான்; எண்கள் மட்டும் நீக்கப்பட்டிருக்கின்றன.

*

இருபதாம் நூற்றாண்டில் துறைகளுக்கிடையே சுவர்கள் உயர்ந்தன. பொறியாளர் கணக்கிடுவார், கட்டடக் கலைஞர் வடிவம் தருவார், வரலாற்றாசிரியர் பழையனவற்றைப் பதிவு செய்வார் என்று வேலை பிரிந்தது. அந்தச் சுவரில் ஒரு கதவு திறந்த கதை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது.

டேவிட் பில்லிங்டன் 1927இல் பிறந்தவர். நியூயார்க்கில் சில ஆண்டுகள் கட்டுமான வடிவமைப்பாளராகப் பணியாற்றி, 1960இல் பிரின்ஸ்டனில் ஆசிரியரானார். கட்டடக் கலை மாணவர்களுக்குக் கட்டமைப்புப் பாடம் நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. கரும்பலகையில் கோடாக ஓர் உத்திரம், அதன்மேல் அம்புக்குறியாகப் பாரம், கீழே சமன்பாடு என்று அவர் நடத்தினார். மாணவர்களுக்குச் சலிப்பு. அவர்கள் சில புகைப்படங்களைக் கொண்டுவந்து காட்டி, இவற்றைப் பற்றி ஏன் சொல்லித்தருவதில்லை என்று கேட்டார்கள். அவை ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மையார் கட்டிய கான்கிரீட் பாலங்களின் படங்கள்.

பில்லிங்டன் பொறியியல் நூல்களில் தேடினார். மையாரைப் பற்றி அங்கே அனேகமாக ஒன்றுமில்லை. அவர் பெயர் கலை நூல்களில் இருந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1947இலேயே அவர் பணிகளைக் காட்சிக்கு வைத்திருந்தது. கலை விமர்சகர்கள் அப்பாலங்களைச் சிற்பங்களாக வியந்தனர். அவை ஏன் அந்த வடிவில் நிற்கின்றன என்று அவர்கள் சொல்லவில்லை. அதைச் சொல்லத் தெரிந்த பொறியாளர்களோ அவற்றைப் பார்க்கவே இல்லை. துறைக்கு வெளியே இருந்து வந்த மாணவர்களின் கேள்வி ஒரு பொறியாளரைத் தம் துறையின் வரலாற்றைத் தேடிப்போக வைத்தது.

அவர் கண்டடைந்ததை, கணிதக் குறியீடு ஒன்றுமின்றி, இங்கே சொல்லிப் பார்ப்போம். 1901இல் ஸ்விட்சர்லாந்தின் சுவோஸ் என்னும் ஊரில் மையார் ஒரு வளைவுப் பாலம் கட்டினார். கீழே வளைவு, மேலே சாலைத் தளம், இவற்றை இணைக்கும் பக்கச் சுவர்கள் மூன்றையும் ஒன்றாக வார்த்து, உள்ளே குடைவான ஒரு பெட்டியாக்கினார். ஓரிரு ஆண்டுகளில், கரையை ஒட்டிய இடங்களில் பக்கச் சுவர்கள் விரிசல் கண்டன. பாலம் விழும் நிலையில் இல்லை, பழுது பார்த்தாயிற்று. ஆனால் மையார் அந்த விரிசல்களைப் படித்தார். கரையருகே அந்தச் சுவர்களுக்கு வேலையே இல்லை என்று விரிசல் சொல்லிற்று. வேலையற்ற சுவர் எதற்கு? 1905இல் தவனாசா என்ற ஊரில் கட்டிய அடுத்த பாலத்தில் அந்தப் பகுதியை முக்கோணமாக வெட்டி நீக்கிவிட்டார். புதிய வடிவம் ஒன்று பிறந்தது. அப்பாலம் 1927இல் மலைச்சரிவில் அழிந்தது. அதன் வழித்தோன்றலே 1930இல் நிறைவுற்ற சால்கினாடோபல் பாலம்.

ஷீர்ஸ் என்ற ஊருக்கு மேலே ஆழ்ந்த மலை இடுக்கொன்றின்மீது 90 மீட்டர் தாவி நிற்கும் வெண்ணிறப் பாலம் அது. அதன் வளைவு எங்கும் ஒரே பருமனாக இல்லை. இரு கரைகளிலும் உச்சியிலும் மெலிந்து, இடையில் இருபுறமும் பருத்திருக்கிறது. மெலிந்த மூன்று இடங்களிலும் கீல்கள் உள்ளன. கதவின் கீலைப்போல அவை சற்றே திரும்ப இடம் தருகின்றன; வெயிலில் கான்கிரீட் விரிந்தாலும் குளிரில் சுருங்கினாலும் வளைவு முறிவதில்லை. கீல் உள்ள இடத்தில் வளைக்கும் விசை நிற்காது; ஆகவே அங்கே பருமன் வேண்டியதில்லை. ஒரு லாரி பாலத்தின் ஒரு பாதியில் மட்டும் ஏறும்போது, உச்சிக்கும் கரைக்கும் நடுவேதான் வளைக்கும் விசை மிகுகிறது. அங்கே வளைவு பருத்து நிற்கிறது. விசை எங்கே மிகுகிறதோ அங்கே உடம்பு பருக்கிறது. கரும்பலகையில் பில்லிங்டன் வரைந்துகொண்டிருந்த அதே விசை வரைபடம் ஒரு மலை இடுக்கில் கான்கிரீட்டாக நின்றுகொண்டிருந்தது.

இதைப் படித்தவுடன் நமக்குத் தோன்றியது இது: சீர் பிரிக்கக் கற்பிப்பதற்கு முன், ஓசை எங்கே தடைப்படுகிறது, ஏன் தடைப்படுகிறது என்று நாம் மாணவரைக் கேட்டதே இல்லை.

*

பல ஆண்டு ஆய்வுக்குப் பின், 1970களின் நடுவில், பில்லிங்டன் எல்லாத் துறை மாணவர்க்குமான ஒரு பாடத்தைத் தொடங்கினார். ‘கட்டமைப்புகளும் நகரச் சூழலும்’ என்பது அதன் பெயர். ஒவ்வொரு படைப்பையும் அவர் மூன்று கோணங்களில் வினவினார். விசைகள் எவ்வாறு செல்கின்றன என்பது அறிவியற்கோணம். என்ன செலவாயிற்று, யார் கொடுத்தார்கள், யாருக்குப் பயன்பட்டது என்பது சமூகக் கோணம். பார்ப்பவர் மனத்தில் அது என்னவாக நிற்கிறது என்பது குறியீட்டுக் கோணம். சால்கினாடோபலின் அழகை வியக்கும் மாணவர், 19 திட்டங்கள் வந்த போட்டியில் மிகக் குறைந்த விலை காரணமாகவே அது தேர்வானது என்பதையும் அறியவேண்டும். அழகு என்பது பணம் மிஞ்சினால் சேர்க்கும் பூச்சு என்ற எண்ணம் அங்கே உடைகிறது.

கணிதத்தை அவர் முற்றிலும் துறக்கவும் இல்லை. பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும் என்ற அளவில் சில வாய்பாடுகளை வைத்துக்கொண்டார். அவற்றுள் ஒன்றை நம் வீட்டுக் கொல்லையிலேயே சோதிக்கலாம். எட்டு மீட்டர் இடைவெளியில் துணி உலர்த்தும் கொடி கட்டியிருக்கிறோம். ஈரத்துணிகள் சீராகப் பரவி மொத்தம் 20 கிலோ. கொடி நடுவில் ஒரு மீட்டர் தொய்ந்திருக்கிறது. மொத்த எடையை இடைவெளியால் பெருக்கி, தொய்வின் எட்டு மடங்கால் வகுத்தால், கம்பத்தைக் கொடி பக்கவாட்டில் இழுக்கும் விசை வரும்: 20 கிலோ. துணி தரையில் புரள்கிறதே என்று கொடியை இறுக்கித் தொய்வை அரை மீட்டர் ஆக்கினால் இழுப்பு 40 கிலோ. கால் மீட்டர் ஆக்கினால் 80 கிலோ. துணி கூடவில்லை, கம்பம் மட்டும் சாய்கிறது. முற்றிலும் நேராக ஒரு கொடியை எவராலும் இழுத்துக் கட்ட முடியாது என்பது இதிலிருந்து தானே விளங்கும்.

இதே வகுத்தலைச் சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கும் செய்யலாம். நடு இடைவெளி 1280 மீட்டர். வடத்தின் தொய்வு ஏறத்தாழ 143 மீட்டர். வடங்களின் பக்கவாட்டு இழுப்பு, அவை அந்த இடைவெளியில் தாங்கும் மொத்த எடையைவிடச் சற்றே அதிகம் என்று விடை வருகிறது. கோபுரங்கள் ஏன் அவ்வளவு உயரம் என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. கோபுரத்தைக் குறைத்தால் தொய்வு குறையும், தொய்வு குறைந்தால் இழுப்பு கூடும், வடம் பருக்கவேண்டும். வரலாறு படிக்கும் மாணவர் ஒருவர் இதைப் புரிந்துகொண்டபின், அந்தப் பாலத்தின் படம் அவருக்கு வெறும் படமாக இராது.

*

இனி, வெளியாருக்குக் கற்பித்ததால் துறைக்குத் திரும்பி வந்தது என்ன என்பதைக் காண்போம். 1977இல் பில்லிங்டன் தொங்கு பாலங்களின் வரலாறு பற்றிப் பொறியாளர்களின் ஆய்விதழிலேயே ஒரு கட்டுரை வெளியிட்டார். அது கடும் விவாதத்தைக் கிளப்பிற்று. அதன் மையத்தில் இருந்தது டகோமா நாரோஸ் பாலம்.

வாஷிங்டன் மாநிலத்தில் 1940 ஜூலை முதல் நாள் திறக்கப்பட்ட அப்பாலத்தின் நடு இடைவெளி 2800 அடி. தளத்தின் பக்க உத்திரமோ 8 அடி உயரமே. அவ்வளவு மெலிவு சாத்தியம் என்று அந்நாளைய மிக முன்னேறிய கோட்பாடு சொல்லிற்று. அந்தக் கோட்பாட்டின் முன்னோடியான லியோன் மொய்செய்ஃப்தான் வடிவமைப்பாளர். நான்கே மாதங்களில், நவம்பர் 7 அன்று, மணிக்கு 40 மைலை ஒட்டிய காற்றில் தளம் முறுக்கி முறுக்கி ஆடி அறுந்து விழுந்தது. கோட்பாடு காற்றைப் பக்கவாட்டில் தள்ளும் நிலையான விசையாகவே கருதியிருந்தது. மெல்லிய தளத்தைக் காற்று ஆடவைக்கும், ஆட்டம் தன்னையே வளர்த்துக்கொள்ளும் என்பது கணக்கில் இல்லை.

ஆனால் அது புதிய செய்தியா? அமெரிக்காவின் வீலிங் நகரில் ஒஹையோ ஆற்றின்மேல் இருந்த தொங்கு பாலம் 1854இல் காற்றில் ஆடி விழுந்தது. நேரில் கண்ட உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவர், தளம் அலைபோல் எழுந்து தாழ்ந்து முறுக்கியதைத் தெளிவாக எழுதிவைத்தார். பொறியியல் கல்லாத அந்த மனிதரின் கண் கண்டதையே, 86 ஆண்டுகள் கழித்து டகோமாவில் திரைப்படக் கருவி பதிவு செய்தது. வீலிங்கின் பாடத்தை அறிந்திருந்த ஜான் ரோப்லிங், தளத்துக்கு விறைப்பும் சாய்வு வடங்களும் தந்தே தம் பாலங்களை வடிவமைத்தார். அவர் திட்டமிட்டு 1883இல் திறக்கப்பட்ட புரூக்ளின் பாலம் இன்றும் நிற்கிறது. பின்வந்தோர் கோட்பாட்டைக் கற்றார்கள். கதையை மறந்தார்கள் என்பதே பில்லிங்டனின் குற்றச்சாட்டு. தொழிலில் பெருமதிப்புப் பெற்றிருந்த முன்னோர்களை அது சுட்டியதால் எதிர்ப்பு எழுந்தது இயல்பே. எனினும், பொறியாளர் அல்லாத மாணவர்க்காகத் திரட்டப்பட்ட வரலாறு பொறியாளர்களின் மேசைக்கே ஒரு வினாவாகத் திரும்பி வந்துவிட்டது.

*

இவையெல்லாம் வசதியுள்ள பல்கலைக்கழகத்து மாணவர்க்கே பொருந்தும் என்று ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்புக்கு மரியோ சால்வடோரியின் வாழ்க்கை விடை தருகிறது. 1907இல் ரோம் நகரில் பிறந்து, பாசிச ஆட்சியிலிருந்து விலகி அமெரிக்கா சேர்ந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் பேராசிரியராகவும், பெயர்பெற்ற வடிவமைப்பாளராகவும் விளங்கியவர். 1975இல், 68ஆம் வயதில், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிப் பள்ளி ஒன்றில் சிறுவர்களுக்குக் கட்டுமானம் கற்பிக்க ஒப்புக்கொண்டார். ஏழைமை மிகுந்த பகுதி. கணிதம் என்றாலே ஒதுங்கும் பிள்ளைகள்.

அவர் கையாண்டவை காகிதமும் நூலும் உறிஞ்சுகுழலும் போன்ற மலிவான பொருள்கள். ஒரு தாளை இரண்டு புத்தகங்களுக்கு இடையே பாலமாக வைத்தால் தன் எடையையே தாங்காமல் தொய்கிறது. அதே தாளை விசிறிபோல் மடித்து வைத்தால் பென்சில்களைத் தாங்குகிறது. பொருள் மாறவில்லை, எடை மாறவில்லை. வடிவம் மட்டும் மாறியிருக்கிறது. கான்கிரீட் மடிப்புக் கூரைகளின் அடிப்படை அந்தப் பிள்ளையின் கையில் இருக்கிறது. எண் பிறகு வருகிறது. எத்தனை மடிப்புக்கு எத்தனை பென்சில் என்று எண்ணத் தொடங்கும்போது, அஞ்சிய கணிதம் தானே வந்து அமர்கிறது. ‘கட்டடங்கள் ஏன் நிற்கின்றன’ என்ற அவருடைய நூல் 1980இல் வந்தது. 1992இல் மாத்திஸ் லெவியுடன் சேர்ந்து, அவை ஏன் விழுகின்றன என்றும் எழுதினார். 1987இல் அவர் நிறுவிய கல்வி மையம், 1997இல் அவர் மறைந்த பிறகும் பள்ளிகளில் இப்பணியைத் தொடர்ந்தது.

*

இந்த வரலாற்றை வியந்து மட்டும் முடித்தால் நேர்மையாகாது. இத்தகைய கல்விக்கு எல்லைகள் உண்டு. பேக்கரின் படத்தைப் பார்த்தவர் பாலத்தைப் புரிந்துகொள்ளலாம், கட்ட முடியாது. எண்ணில்லாத புரிதல் எங்கே நிற்கவேண்டும் என்று அறியாவிட்டால், கலிலியோவின் உத்திரம் போல மூன்று மடங்கு தவறலாம். டகோமாவின் மெலிவும் ஒருவகை அழகே. கண்ணுக்கு இனியது யாவும் உறுதியானது என்று மாணவர் எண்ணிவிடும் அபாயம் உண்டு. பில்லிங்டன் தேர்ந்துகொண்ட மேதைகளின் வரிசையில் ஐரோப்பியரும் அமெரிக்கருமே மிகுதி. டாக்காவில் பயின்று சிகாகோவின் வானுயர் கட்டடங்களை வடிவமைத்த ஃபஸ்லுர் கான் அதில் இடம்பெற்றார். பெயர் தெரியாமல் மூங்கிற்பாலமும் கல்வளைவும் கட்டியவர்கள் இடம்பெறவில்லை. ஒருவர் மேதைமையாக ஒரு பாலத்தைச் சொல்வது கதைக்கு வசதி. சாரம் கட்டியவரும் கான்கிரீட் கலந்தவரும் அக்கதையில் மங்கிவிடுகிறார்கள்.

ஆயினும் இழப்பைவிடப் பெற்றது அதிகம் என்றே நாம் கருதுகிறோம். பாலத்துக்கு வரி கொடுப்பவர், திட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கும் அதிகாரி, வழக்கை விசாரிக்கும் நீதிபதி, செய்தி எழுதும் நிருபர், மேலே நடந்து செல்பவர் ஆகிய எல்லோரும் பொறியாளர் அல்லாதவர்களே. ‘பாரம் எங்கே இறங்குகிறது?’ என்று கேட்கத் தெரிந்தவர்கள் அவர்களுள் பெருகினால், அந்தக் கேள்விக்கு விடை சொல்லவேண்டிய கட்டாயம் கட்டுவோருக்கு உண்டாகும். பில்லிங்டன் 2018இல் மறைந்தார். அவர் தொடங்கிய பாடம் அவரோடு நிற்கவில்லை; பிரின்ஸ்டனில் மரியா கார்லாக் அதைத் தொடர்ந்து நடத்தி, இணையவழியாகவும் பலருக்குக் கொண்டுசேர்த்தார்.

நம் வகுப்புக்குத் திரும்புவோம். இப்போதெல்லாம் ஒரு பாடலை எடுத்தால் அணியின் பெயரைக் கடைசியில்தான் சொல்கிறோம். இந்தப் பாடலின் பாரம் எந்தச் சொல்லில் இறங்குகிறது, எந்த அடியை எடுத்துவிட்டால் இது சரியும் என்று முதலில் கேட்கிறோம். சென்ற பருவத்தில் வணிகவியல் மாணவி ஒருவர், பாடலின் மூன்றாம் அடியைக் காட்டி, இதற்கு இங்கே வேலையே இல்லை என்றார். உரைகள் எவையும் அவ்வாறு சொல்லவில்லை. அவர் சொன்னது சரியா என்று வீட்டுக்கு வந்து உரைநூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம். இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளாக நடத்திவந்த அந்தப் பாடலை அன்றுதான் மறுபடி படித்தோம்.